அலோந்திகா: கோட்டையா, களஞ்சியமா, மண்டியா?

கேள்வி:

வணக்கம் ஐயா. ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக ஸ்பானிய மொழி படிக்கிறேன். மெக்சிகோ விடுதலைப் போரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு சின்னக் கட்டுரையை இப்போது தமிழில் கொண்டுவர முயற்சி செய்கிறேன். 1810 செப்டம்பர் 28 அன்று கிளர்ச்சிக்காரர்கள் 'அலோந்திகா தே கிரனாதிதாஸ்' என்ற கட்டடத்தைப் பிடித்தார்கள் என்று அதில் வருகிறது. உள்ளே ஆட்கள் கதவடைத்துக்கொண்டு சண்டை போட்டதால் 'கோட்டை' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த தோழி, அகராதியில் 'தானியக் களஞ்சியம்' என்று போட்டிருக்கிறதே என்றாள். கைப்பேசிச் செயலியோ 'சோளப் பரிமாற்றம்' என்கிறது. அப்புறம் தேடிப் பார்த்தால் ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் ஒரு கலை மையத்துக்கும் இதே பெயர் இருந்திருக்கிறது. அல்மேரியாவில் தக்காளி ஏலம் போகும் இடத்துக்கும் இதே பெயர். ஒரே சொல் இத்தனை கட்டடங்களுக்கு எப்படிப் பொருந்தும்? 'அல்' என்று தொடங்குவதால் இது அரபுச் சொல்தானா? தமிழில் என்ன எழுதட்டும்? என் அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். அவரிடம் கேட்டதற்கு, "உள்ள என்ன நடக்கும்னு கேட்டுட்டு வா, பேரை நான் சொல்றேன்" என்றார்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா கேட்டதுதான் முதல் கேள்வி. பல வருடங்களாக ஸ்பானியத்திலிருந்து மொழிபெயர்ப்பதைத் தொழிலாகச் செய்து வருகிறேன். கட்டடப் பெயர் ஒன்று வந்து வழியை மறிக்கும்போதெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொள்வேன். அலோந்திகாவுக்குச் சுவர் எத்தனை அடி, கூரை என்ன வடிவம் என்று எந்த அகராதியும் சொல்வதில்லை. உள்ளே நடந்த வேலையை வைத்து வந்த பெயர் அது. ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி தரும் விளக்கம் ஏறக்குறைய இப்படிப் போகும்: கோதுமை வாங்கவும் விற்கவும் ஏற்பட்ட பொது வீடு; சில ஊர்களில் மற்ற தானியங்களையும் தின்பண்டங்களையும் சரக்குகளையும் வைத்து விற்கவும் அது பயன்படும்; அங்கே கிடக்கும் சரக்குக்கு, விற்கப்படும் வரை எந்த வரியும் கிடையாது.

இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. அது ஊருக்குப் பொதுவான வீடு. அங்கே வியாபாரம் நடக்கும். சரக்கு விலைபோகிற வரைக்கும் வரி காத்திருக்கும். 'களஞ்சியம்' என்று எழுதினால் இந்த மூன்றுமே காணாமல் போய்விடும். களஞ்சியம் என்றதும் நம் மனதில் நெல் கொட்டிப் பூட்டிவைத்த இடம்தான் வருகிறது. கோயில் களஞ்சியமோ அரண்மனைக் களஞ்சியமோ, யாரோ ஒருவருடைய சேமிப்பு. அதற்கு ஸ்பானியத்தில் 'கிரனேரோ' என்று வேறு சொல் இருக்கிறது. பஞ்சக் காலத்தில் குடியானவர்களுக்கு விதைத் தானியம் கடன் கொடுப்பதற்காக ஊரார் வைத்திருந்த இருப்புக்கு 'போசிதோ' என்று தனிப் பெயர். பல ஊர்களில் போசிதோவும் அலோந்திகாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. வேலை வேறு வேறு. உங்கள் தோழி பார்த்த அகராதி இந்த எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விவிலியத்தில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதை வரும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சமாரியன் ஒருவன் அவனைத் தூக்கித் தன் வாகனத்தில் ஏற்றி ஒரு சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். தமிழ் விவிலியத்தில் 'சத்திரம்' என்று இருக்கும் அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'பாந்தோகெயோன்'. 'பான்' என்றால் எல்லாம், எல்லாரும். 'தெகோமாய்' என்றால் ஏற்றுக்கொள்வது. வருகிறவர் யாரானாலும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது பொருள். உங்கள் அலோந்திகாவின் கொள்ளுப்பாட்டி இந்தச் சத்திரம்தான்.

கிரேக்கம் பேசிய கிழக்கு மத்தியதரைக் கடற்கரைகளிலிருந்து அந்தச் சொல் அரபுக்குப் போனது. அரபியில் 'ப' ஒலி கிடையாது. வெளியிலிருந்து வரும் 'ப'வை அவர்கள் 'ஃப' ஆக்கிவிடுவதுண்டு. அப்படித்தான் பாந்தோகெயோன் 'ஃபுந்துக்' ஆனது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. இன்றும் அங்கே ஹோட்டல் வாசலில் எழுதியிருப்பது ஃபுந்துக்தான்.

711இல் அரபு, பெர்பர் படைகள் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தன. 1492இல் அங்கே முஸ்லிம் ஆட்சியின் கடைசி நகரமான கிரனாதா வீழ்ந்தது. இடைப்பட்ட சுமார் எட்டு நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான அரபுச் சொற்கள் அந்த மண்ணில் வேர்விட்டன. அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'அல்' என்று ஓர் ஒட்டு வரும், ஆங்கிலத்தின் 'தி' மாதிரி. ஸ்பானியர்கள் அந்த ஒட்டையும் சொல்லோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். ஆக, அல்-ஃபுந்துக் அவர்கள் வாயில் 'அல்ஃபோந்திகா' ஆனது. கடைசியில் நிற்கும் 'ஆ', ஸ்பெயினில் பேசிய அரபிலேயே 'அல்ஃபுந்தகா' என்று சேர்ந்துவிட்டது.  அதற்கும் மேலே ஸ்பானியர்கள் தங்கள் சொந்த ஒட்டையும் போட்டு 'லா அலோந்திகா' என்றார்கள். உள்ளே அரபு 'தி', வெளியே ஸ்பானிய 'தி'. நம்மூர் 'நடு சென்டர்' ஞாபகத்துக்கு வருகிறது.

இந்த ஃப எங்கே போனது என்று கேட்பீர்கள். கன்னடத்தைப் பாருங்கள். நம் பால் அங்கே ஹாலு, பூ அங்கே ஹூவு, பத்து அங்கே ஹத்து. சொல்லின் முதலில் நின்ற ப, கன்னடத்தில் ஹ ஆகிவிட்டது. காஸ்தில்லா வட்டாரத்து ஸ்பானியத்திலும் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. அங்கே ஃப, ஹ ஆனது. லத்தீனில் மாவுக்கு 'ஃபரீனா'. ஸ்பானியத்தில் அது ஹகரத்தோடு எழுதப்படும் 'அரீனா'. போர்த்துகீசியத்தில் மகன் 'ஃபில்யோ', ஸ்பானியத்தில் 'இஹோ'. அல்ஃபோந்திகாவும் அதே வழியில் அல்ஹோந்திகா ஆனது. பிறகு அந்த ஹகரமும் வாயிலிருந்து மறைந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ப, ஃப, ஹ, கடைசியில் ஒன்றுமில்லை. ஒரே ஓர் எழுத்தின் இடத்தில் கிரேக்கம், அரபு, பழைய ஸ்பானியம், இன்றைய ஸ்பானியம் என்று நான்கு காலம் அடுக்கி நிற்கிறது. ஸ்பானியத்தில் எழுதும்போது அந்த மௌன எழுத்தைத் தவறாமல் போடுங்கள். தமிழில் 'அல்ஹோந்திகா' என்று எழுத வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் 'அலோந்திகா' சரியாகவே இருக்கிறது.

'அல்' என்று தொடங்கினால் அரபுதானா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஆமாம். பருத்திக்கு 'அல்கோதோன்', நகரத் தலைவருக்கு 'அல்கால்தே', கிடங்குக்கு 'அல்மசேன்' எல்லாம் அரபிலிருந்து வந்தவைதான். ஆனால் அதையே விதியாக்கிக்கொள்ள வேண்டாம். வாதுமைக்கு 'அல்மேந்திரா' என்பார்கள். அது லத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல். நம் வீட்டு அலமாரியும் அப்படித்தான். போர்த்துகீசியர் கொண்டுவந்த அந்தச் சொல்லுக்கு வேர் லத்தீன் 'அர்மாரியம்'. அரபு ஒட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அடுத்து, ஒரு சத்திரம் எப்படித் தானிய வியாபார வீடு ஆனது? அந்தக் காலத்து ஃபுந்துக்கை மனதில் கொண்டுவாருங்கள். வெளியூர் வியாபாரி கழுதையோடும் மூட்டைகளோடும் வருகிறான். கீழே மூட்டையை இறக்குகிறான், விலங்கைக் கட்டுகிறான். மேலே ஓர் அறையில் படுத்துக்கொள்கிறான். மறுநாள் அதே முற்றத்தில் சரக்கைப் பிரித்து விற்கிறான். ஆட்சியாளரின் ஆளுக்கும் இது வசதிதான். வெளியூர்ச் சரக்கு எல்லாம் ஒரே வாசல் வழியாக வருகிறது, ஒரே இடத்தில் நிறுக்கலாம், ஒரே இடத்தில் வரி வாங்கலாம். படுக்கை, மூட்டை, தராசு, வரி நான்கும் ஒரே கூரையின் கீழே.

பிறகு இந்த வீட்டை அண்ணன் தம்பிகள் மாதிரி மொழிகள் பாகம் பிரித்துக்கொண்டன. அரபுக்காரர்கள் படுக்கையை எடுத்துக்கொண்டார்கள். ஃபுந்துக் என்றால் இன்று தங்கும் விடுதி மட்டும்தான். போர்த்துகீசியர்கள் வரி மேசையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 'அல்ஃபாந்தெகா' என்றால் சுங்கச் சாவடி. வெனிஸ்காரர்கள் வியாபாரியையே பாகமாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். அங்கே பெரிய கால்வாயின் கரையில் நிற்கும் 'ஃபோந்தகோ தெய் தெதெஸ்கி', ஜெர்மானிய வியாபாரிகள் தங்கி வியாபாரம் செய்வதற்காகவே 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட வீடு. தீயில் எரிந்துபோய் 1505க்கும் 1508க்கும் இடையில் மறுபடி கட்டப்பட்டது. ஊருக்கு வரும் ஜெர்மானிய வியாபாரி வேறெங்கும் தங்கக் கூடாது, அங்கேதான் இருக்க வேண்டும், அங்கேதான் விற்க வேண்டும். ஸ்பானியர்கள் பாகத்துக்கு வந்தது மூட்டையும் தராசும். தங்குவதற்கு 'மெசோன்', 'போசாதா' என்று வேறு இடங்கள் வந்துவிட்டன; அலோந்திகா என்ற பெயர் தானிய வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்டது.

பாகம் பிரிவதற்கு முந்தைய வீடு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால், ஸ்பெயினில் அதற்கு ஒரே இடம்தான். கிரனாதா நகரத்தின் நடுவில் 'கொர்ரால் தெல் கார்போன்' இருக்கிறது. கிரனாதாவை ஆண்ட நஸ்ரித் என்ற முஸ்லிம் அரசர்கள் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஐபீரியத் தீபகற்பத்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே அலோந்திகா அதுதான். வாசல் வளைவு குதிரை லாட வடிவம். அதைத் தாண்டினால் சின்ன நடை, அதன் மேற்கூரையில் தேன்கூடு தொங்குவது போன்ற செதுக்கு வேலை. அதன் பிறகு திறந்த முற்றம். நடுவில் ஒரு கல் தொட்டி, இரண்டு குழாய்களில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்குத் தாழ்வாரம். மேல் அடுக்குகளின் உத்தரங்களைத் தாங்கும் மரப் போதிகைகளை நம் ஊர் ஆசாரி ஒருவர் பார்த்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவார். கீழ்த்தளம் சரக்குக்கும் விலங்குகளுக்கும். மேலே வியாபாரிகளுக்குச் சின்னச் சின்ன அறைகள். முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு தலையைத் திருப்பினால் எந்த அறைக் கதவும் கண்ணுக்குத் தப்பாது. யார் வந்தார்கள், யார் எதை விற்றார்கள் என்று கணக்கு வைக்க ஓர் ஆள் போதும்.

1492க்குப் பிறகு அது கைமாறிக்கொண்டே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அந்த முற்றத்தில் நாடகம் போட்டார்கள். தாழ்வாரங்களே பார்வையாளர் மாடம். கரி வியாபாரிகள் கரி மூட்டைகளை நிறுக்க அங்கே வந்ததால்தான் 'கரி முற்றம்' என்ற இன்றைய பெயர். 1933இல் அரசாங்கம் வாங்கியது. கட்டடக் கலைஞர் லெயோபோல்தோ தோர்ரெஸ் பல்பாஸ் அதைச் செப்பனிட்டார்.

அந்த வீட்டுக்குள் புழங்கிய சொற்களைப் பார்த்தாலும் தராசின் வாசனை அடிக்கும். கோதுமை அளக்க 'ஃபனேகா', நிறுக்க 'அர்ரோபா', எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரிக்கு 'அல்மோத்தசேன்'. எல்லாமே அரபு. அர்ரோபா என்றால் 'கால் பங்கு'. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் அந்தச் சுழிக் குறியை ஸ்பானியர்கள் இன்றும் அர்ரோபா என்றுதான் வாசிக்கிறார்கள். எதில் கால் பங்கு தெரியுமா? குவிந்தாலில். உங்கள் அப்பா விரலிக்கும் கிழங்குக்கும் விலை சொல்லும்போது வாய்நிறையச் சொன்ன அதே குவிண்டால்தான். லத்தீனில் பிறந்து, அரபியில் 'கின்தார்' ஆகி, ஐரோப்பிய மொழிகள் வழியாக ஈரோட்டு மண்டி வரைக்கும் வந்திருக்கிறது. பழைய ஸ்பானியக் குவிந்தால் சுமார் 46 கிலோ, இன்றைய மெட்ரிக் குவிண்டால் 100 கிலோ.

இனி மெக்சிகோவுக்கு வருவோம். ஸ்பானியர்கள் கடல் தாண்டிப் போனபோது இந்த ஏற்பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு அவசரத் தேவை இருந்தது. மழை பொய்த்த வருடத்தில் மக்காச்சோள விலை ஏறும். வசதியுள்ளவன் வழியிலேயே விவசாயியை மடக்கி மொத்தமாக வாங்கிப் பதுக்கிவைப்பான். இதைத் தடுக்கத்தான் ஊருக்குள் வரும் தானியம் முதலில் அலோந்திகாவுக்கு வந்து சேர வேண்டும், அங்கே எல்லார் கண்ணுக்கும் முன்னால் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வழியில் வாங்குவதும் விற்பதும் குற்றம். சட்டத்தை எல்லாரும் மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோக்கம் அதுதான்: ஊரின் சாப்பாடு ஒளிவு மறைவான பேரத்துக்குள் போய்விடக் கூடாது.

1785, 1786இல் அந்த நாட்டில் பெரிய பஞ்சம் வந்தது. உறைபனியில் சோளம் கருகியது. 'பசி ஆண்டு' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். வெள்ளிச் சுரங்க நகரமான குவானாஹுவாதோவும் அதைச் சுற்றிய பகுதியும் கடுமையாக அடிவாங்கின. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் சோற்றைத் தானே விளைவிக்க முடியாது. எல்லாமே வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அந்த நினைவு ஆறாத ஊரில்தான் நிர்வாகியாக இருந்த ஹுவான் அந்தோனியோ தே ரியாஞோ பெரியதாக ஓர் அலோந்திகா கட்டினார். 1798இல் தொடங்கிய வேலை 1809இல் முடிந்தது. மாதுளைக்கு ஸ்பானியத்தில் 'கிரனாதா', 'கிரனாதிதாஸ்' என்றால் சின்ன மாதுளைகள். தானியத்துக்கான 'கிரானோ'வும் மாதுளையும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவைதான். ஆனாலும் இந்தப் பெயரைத் 'தானிய' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நீங்கள் ஏன் 'கோட்டை' என்று எழுதினீர்கள் என்பது அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் புரியும். நீள்சதுரம். கனமான கல் சுவர், வெளிப்பக்கம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். மேலே உயரத்தில் மட்டும் வரிசையாகச் சின்ன சன்னல்கள். உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம், இரண்டு அடுக்கு. தானியத்துக்குக் காற்று வேண்டும், ஈரம் கூடாது, திருடன் கை எட்டக் கூடாது. அதற்காகத்தான் சன்னல்கள் சின்னதாக, உயரத்தில். இந்த அமைப்பைத்தான் ரியாஞோ அரணாக நினைத்துவிட்டார்.

1810 செப்டம்பர் 16 அன்று தொலோரெஸ் ஊரில் பாதிரியார் மிகேல் இதால்கோ கிளர்ச்சிக்குக் குரல் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் பெருங்கூட்டம் குவானாஹுவாதோவை நெருங்கியது. ரியாஞோ ஊரைக் காக்கப் பார்க்கவில்லை. ஸ்பானியக் குடும்பங்களையும் பணத்தையும் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு அலோந்திகாவுக்குள் போய்க் கதவடைத்தார். இந்த இடத்தில்தான் அந்தச் சொல்லின் பொருள் உங்கள் கட்டுரைக்குத் தேவைப்படுகிறது. ஊர்மக்கள் பசியில்லாமல் இருக்க என்று கட்டிய பொது வீடு. அதற்குள் தானியத்தையும் வைத்துக்கொண்டு வசதியானவர்கள் உள்ளே, ஊர்மக்கள் வெளியே. அந்தக் கோபம் 'கோட்டை' என்ற சொல்லில் தெரியாது. கோட்டை என்றால் எதிரி உள்ளே இருப்பது இயல்புதானே என்று பிள்ளைகள் கடந்துபோய்விடுவார்கள்.

சண்டையின் தொடக்கத்திலேயே ரியாஞோ குண்டு பட்டு இறந்தார். 'பீபிலா' என்று அழைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவர் முதுகில் ஒரு கற்பலகையைக் கட்டிக்கொண்டு, மேலிருந்து வந்த குண்டுகளுக்கு அதையே கேடயமாக்கி, தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தார் என்பது அந்த ஊரின் பெருமை. கதவு எரிந்ததும் கூட்டம் உள்ளே புகுந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு எழுதினாலும் இதை மறைக்க வேண்டாம், ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் கிளர்ச்சித் தலைவர்களான இதால்கோ, அயேந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் நால்வரையும் பிடித்துச் சுட்டுக் கொன்ற ஸ்பானிய அரசு, அவர்கள் தலைகளை இரும்புக் கூண்டில் வைத்து இதே கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டது. 1821இல் விடுதலை கிடைக்கும் வரைக்கும் அவை அங்கேயே தொங்கின. பிறகு பல காலம் அது சிறைச்சாலை. இன்று அருங்காட்சியகம். படிக்கட்டுச் சுவர்களில் ஹோசே சாவேஸ் மொராதோ தீட்டிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன.

பில்பாவோவை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அங்கே அது ஒயின் கிடங்கு. கட்டடக் கலைஞர் ரிகார்தோ பஸ்தீதா வடிவமைக்க, நகராட்சி 1909இல் திறந்தது. பிறகு கிடங்கு வேலை நின்று பல வருடம் சும்மா கிடந்தது. 2010இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கின் வடிவமைப்பில் கலை மையமாகத் திறந்தார்கள். கீழே 43 தூண்கள், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. மறைந்த மேயர் அஸ்குனாவின் நினைவாக 2015இல் 'அஸ்குனா சென்ட்ரோவா' என்று பெயர் மாற்றினார்கள்.

ஆனால் சொல் இன்னும் உயிரோடு வேலை செய்வது அல்மேரியாவில்தான். ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காய்கறி விளைகிறது. தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி எல்லாம் பறித்த கையோடு அலோந்திகாவுக்கு வந்துவிடும். இங்கே அலோந்திகா என்றால் தனியார் ஏல மண்டி. ஏலம் நம்மூர் மாதிரி மேலே ஏறாது, கீழே இறங்கும். கொள்முதல்காரர்கள் கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருப்பார்கள். திரையில் விலை உச்சியில் தொடங்கி சென்ட் சென்ட்டாக விழும். முதலில் அழுத்தியவருக்குச் சரக்கு. அவசரப்பட்டால் காசு கூடப் போகும், யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்து ஆள் அழுத்திவிடுவான். அன்றைய விலைப் பட்டியலுக்கு 'பிசார்ரா' என்று பெயர், கரும்பலகை என்று பொருள். சாக்பீஸ் போய்த் திரை வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடாதீர்கள். கிரனாதாவின் பழைய வீட்டைப் பற்றி எழுதினால் 'வணிகர் சத்திரம்'. பில்பாவோவுக்கு 'ஒயின் கிடங்கு'. அல்மேரியாவுக்கு 'ஏல மண்டி'. குவானாஹுவாதோவுக்கு என் பரிந்துரை 'நகரத் தானிய மண்டி'. வெறும் 'மண்டி' என்றால் தனியார் கமிஷன் கடை மனதில் வந்துவிடும். 'நகர' என்று சேர்த்தால் பொது வீடு என்பது பிடிபடும். செய்யும் வேலையை மட்டும் பார்த்தால் நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்தான் இதற்கு மிக நெருக்கம்: விவசாயியின் சரக்கு, எல்லாரும் பார்க்க எடை, எல்லாரும் கேட்க விலை. ஆனால் 1810இன் கதையில் அந்த அலுவலகப் பெயர் பொருந்தி உட்காராது. 'சந்தை'யும் வேண்டாம், சந்தைக்குக் கூரை அவசியமில்லை, கதவு அவசியமில்லை, இந்தக் கதையோ ஒரு கதவில்தான் நடக்கிறது. செயலியின் 'சோளப் பரிமாற்றம்' ஆங்கிலம் வழியாக வந்த சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அதை அழித்துவிடுங்கள்.

கட்டடத்தின் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரும்போது இப்படி எழுதலாம்:

"1810 செப்டம்பர் 28 அன்று கிளர்ச்சிக்காரர்கள் ஊரின் தானிய மண்டியான அலோந்திகா தே கிரனாதிதாஸின் கதவை எரித்து உள்ளே புகுந்தார்கள். பஞ்சம் வந்தாலும் ஊர் பட்டினி கிடக்கக் கூடாது என்று கட்டிய வீடு அது. அன்றைக்கு ஊர் வெளியே நின்றது."

அதன் பிறகு 'அலோந்திகா' என்று மட்டும் எழுதினாலே போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் அப்பாவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். உள்ளே நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வேறு பெயர் சொன்னால், அதை எனக்கும் எழுதுங்கள்.